கரைக்கு மார்க் போடும் கனவான்களுக்கு

சென்னைக்குப் போனால் எந்தக் கடற்கரைக்குப் போகலாம்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்றைக்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. சுற்றுலாக் கையேடு சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் சொல்கிறது. கைபேசிக்குள் இருந்துகொண்டு முகம் தெரியாத ஒருத்தர் சொல்கிறார். 'சிறந்த ஐந்து', 'சிறந்த பத்து' என்று வரிசை எண் போட்டு, மார்க் போட்டு, நட்சத்திரம் போட்டுச் சொல்கிறார்கள்.

பட்டியலைப் படித்துப் பாருங்கள். மேலே கிழக்குக் கடற்கரைச் சாலையின் சொகுசு விடுதிகளை ஒட்டிய மணல். அதற்குக் கீழே நீலக்கொடி வாங்கிய கோவளம். அதற்கும் கீழே பெசன்ட் நகர். மெரினாவை விட முடியாதே, அதனால் ஒரு இடம் உண்டு. கூடவே ஒரு எச்சரிக்கையும் உண்டு: 'கூட்டம் அதிகம், சுத்தம் குறைவு.' அப்புறம்? அப்புறம் ஒன்றும் கிடையாது. துறைமுகத்துக்கு வடக்கே கடலே கிடையாது! ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் வங்கக் கடலில் இல்லை போல. ஊரை வரைந்து கொடுத்த படத்தில் சேரியை விட்டுவிட்டு வரைகிற அதே கைதான் இந்தப் பட்டியலையும் எழுதியிருக்கிறது.

மார்க் போடுகிறவர் எதை வைத்துப் போடுகிறார்? மூன்று அளவுகோல். சுத்தம். அமைதி. கூட்டமின்மை. தோழர்களே, இந்த மூன்று வார்த்தையையும் நமக்குப் புதுசாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டு இருக்கிறோம். 'சுத்தம்' என்றால் நாம் தொடாதது. 'அமைதி' என்றால் நம் சத்தம் கேட்காதது. 'கூட்டம்' என்றால் நாம். 'நல்ல குடும்பங்கள் வருகிற இடம்' என்று அச்சில் போடும்போது, கெட்ட குடும்பம் எதுவென்று வாசிக்கிறவனுக்குச் சொல்லாமலே தெரிகிறது. தீட்டு என்ற சொல்லை எழுதினால் வழக்கு வரும். அதனால் 'டர்ட்டி' என்று எழுதுகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை ஏதோ ஒரு மேட்டுக்குடி எழுத்தாளனின் கொழுப்பு என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கல்லலில் நம் காலனிப் பிள்ளைகள் சென்னைக்கு டூர் போகத் திட்டம் போட்டு உட்கார்ந்தபோது, அதே பட்டியல் நம்ம பசங்க வாயிலிருந்தே வந்தது. "மெரினா வேணாம்ணே, ஒரே அசிங்கம், மீன் நாத்தம், கண்ட கண்ட ஆளுக வருவாங்க. ஈ.சி.ஆர். பக்கம் போனா டீசன்ட்டா இருக்கும்." சொன்னது யார்? கலெக்டர் வீட்டுப் பிள்ளையா? விடுதிச் சோறு தின்று பி.எஸ்சி. படிக்கிற நம்ம தம்பி. மீன் நாத்தம் என்கிறானே, அவன் அப்பத்தா கூடையில் கருவாடு வைத்து ஊர் ஊராகத் தூக்கித்தான் அவன் அப்பனை வளர்த்தது. அவனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவன் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசுகிறது யார் என்று அவனுக்குக் காட்டத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வெயிலிலிருந்து ஆரம்பிப்போம். 'வெயில் கொஞ்சும் கடற்கரை' என்கிறார்கள். வெயில் யாரைக் கொஞ்சியது? 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் – கல்லலும் அந்த ஜில்லாவுக்குள்தான் இருந்தது – கள்ளர் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். வெள்ளைக்கார அதிகாரி ஹட்டன் தன் புத்தகத்தில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். தங்கம், வெள்ளி போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது. சட்டை கூடாது, பனியன் கூடாது. முடி கிராப் வெட்டக்கூடாது. மண்சட்டி தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது. கடைசித் தடையைக் கவனியுங்கள்: வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்புப் போடக்கூடாது. மீறியவர்கள் குடிசை எரிந்தது. அடுத்த வருஷம், 1931ல், தடை பதினொன்றாக ஏறியது. பிள்ளைகள் எழுத்துப் படிக்கக்கூடாது என்பது அதில் ஒன்று.

இப்போது நீலக்கொடிக் கடற்கரையின் புகைப்படத்தைப் பாருங்கள். வரிசையாகக் குடை நட்டு, நிழலில் சாய்நாற்காலி போட்டிருக்கிறான். நம் பாட்டனுக்குக் கையில் பிடிக்கக் கூடாதென்று சொன்ன குடைதான் அது. அதன் கீழே நம் பேரன் உட்கார்ந்து காலை நீட்டினால் அது வெறும் பொழுதுபோக்கா? இல்லை தோழர்களே. 1930ல் போட்ட எட்டாவது தடையை உடைப்பது அது. ஊர் சுற்றுவதும், நல்ல சட்டை போடுவதும், வண்டி ஓட்டுவதும், சும்மா உட்கார்ந்து காற்று வாங்குவதும் இந்த மண்ணில் நமக்கு எப்போதும் அரசியல்தான். நாம் அரசியலாக்கவில்லை. அவர்கள் ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது தண்ணீர். செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் ஊருணி. மழைத்தண்ணி ஓடிவந்து நிறையக் கால்வாய் வைத்து, கல் படி கட்டி, அழகாகத்தான் கட்டினார்கள். மண் வெட்டினவன் யார், கல் சுமந்தவள் யார் என்று அந்தப் படிகள் சொல்லாது. வெட்டினவனுக்கு அந்தப் படியில் இறங்க உரிமை இருந்ததா? குடிதண்ணீர் ஊருணியின் கரையில் குடத்தை வைத்துக்கொண்டு, யாராவது மொண்டு ஊற்றமாட்டார்களா என்று நின்ற நம் கிழவிகள் சொல்வார்கள். அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகத்தில் சவுதார் குளத்துக்கு ஊர்வலமாகப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தாரே, தாகத்துக்கா குடித்தார்? இங்கே பக்கத்து மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது 2022 டிசம்பரில் தெரியவந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை போட்டது. யார் மேல்? அதே ஊர் தலித்துகள் மூவர் மேல்! தொட்டித் தண்ணீருக்கு இதுதான் கதி.

அதனால்தான் சொல்கிறோம், கடல் நமக்கு வேறு. கடலுக்குப் படி கிடையாது. மேல்படி கீழ்படி கிடையாது. இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் நான் என்று கோடு கிழித்தால் அடுத்த அலை வந்து அழித்துவிடும். ஆனால் கடல் சமத்துவம் பேசினால் போதாது. கரை பேச வேண்டும். கரை என்ன பேசியது?

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க இப்போது வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பர்மாத் தேக்கு, வெளிநாட்டு ஓடு, கண்ணாடி என்று வாய் பிளந்து பார்க்கிறார்கள். எல்லாம் கடல் வழி வந்தது. அதே கடல் வழிதான் நம் ஆட்களும் போனார்கள், கங்காணிக்குக் கடன்பட்டு. மண்டபம் முகாமில் அடைத்துவைத்து, சோதித்துப் பார்த்து, இலங்கைத் தோட்டத்துக்கு அனுப்பினான். அதற்கும் முன்னால், 1860ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிப் போனது. கப்பல் பதிவேட்டில் பேருக்குப் பக்கத்தில் சாதியையும் மறக்காமல் எழுதினார்கள். ஒருத்தனுக்குக் கடல் தேக்கு கொண்டுவந்தது. இன்னொருத்தனைக் கடல் கொண்டுபோனது. இரண்டும் ஒரே கடல்தான்.

இனி மெரினாவுக்கு வருவோம். 'இயற்கை அளித்த கொடை' என்று கையேடு எழுதுகிறது. பொய். இன்று பார்க்கிற அந்த அகலமான மணல் துறைமுகத்தால் வந்தது. 1870களில் வெள்ளைக்காரன் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்ப ஆரம்பித்தான். நம் கிழக்குக் கரையில் அலை வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். குறுக்கே சுவர் வந்ததும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. தேங்கித் தேங்கி மெரினா அகலமானது. 1880களில் கவர்னர் கிராண்ட் டஃப் அதற்கு ஒரு நடைபாதை போட்டு, மெரினா என்று பேரும் வைத்தார். சரி, வடக்கே போகவேண்டிய மணல் போகவில்லையே, அங்கே என்ன ஆச்சு? கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. ராயபுரமும் திருவொற்றியூரும் தெருத்தெருவாகக் கரைந்தன. இன்றைக்கும் அங்கே மணல் இருக்கவேண்டிய இடத்தில் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். வடக்கின் மணலைத் தடுத்துத் தெற்குக்கு அழகு. அப்புறம் வடக்கைப் பார்த்து, 'அங்கே பீச்சே இல்லை, பட்டியலில் எப்படிச் சேர்ப்பது' என்று கேள்வி. உழைப்பைப் பிடுங்கிக்கொண்டு, 'உனக்குத் தகுதி இல்லை' என்று சொல்கிற சாதி நியாயத்தை இதைவிடத் தெளிவாகக் கடல்கூடக் காட்டமுடியாது. மெரினாவுக்குப் பின்னால் ஓடுகிற பக்கிங்ஹாம் கால்வாயின் நகரப் பகுதி, 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக் கூலிக்கு வெட்டப்பட்டது. பசியில் எலும்பாகி நின்றவர்கள் வெட்டிய வாய்க்கால் அது. சாக்கடையாக்கிவிட்டு மூக்கைப் பொத்துகிறவர்களுக்கு இது தெரியாது.

சரி, மணல் வந்தது. மணலில் யார் இருக்கலாம்? 1923 மே 1 அன்று சிங்காரவேலர் இந்த மணலில்தான் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். அப்புறம்? 1985ல் மெரினாவை அழகுபடுத்தப் போகிறோம் என்று கட்டுமரத்தையும் வலையையும் அப்புறப்படுத்தினார்கள். எதிர்த்த மீனவர் மேல் துப்பாக்கிச் சூடு. செத்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பாதுகாப்பு என்று சொல்லிக் கரையோரக் குடும்பங்களைத் தூக்கிக்கொண்டு போய்ச் செம்மஞ்சேரியில் போட்டார்கள். அதற்கு முன்னாலேயே கூவத்தின் ஓரமும் வாய்க்கால் ஓரமும் இருந்தவர்களுக்குக் கண்ணகி நகர். பிறகு பெரும்பாக்கம். அங்கே கொட்டப்பட்டவர்களில் நம் ஜனம் எவ்வளவு என்று அந்தப் படிக்கட்டுகளில் ஏறி இறங்கினால் தெரியும். கண்ணகி நகருக்கும் கடலுக்கும் காக்கை பறக்கிற தூரம் கொஞ்சம்தான். இடையில் கால்வாய், கம்பெனிகள், காம்பவுண்டுச் சுவர்கள். ஏழைக்குச் சுனாமி ஆபத்து என்று காலி செய்த அரசாங்கத்துக்கு, அதே கரையில் பங்களா கட்டுகிறவனைச் சுனாமி ஒன்றும் செய்யாது என்று யார் சொன்னது?

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் லட்சக்கணக்கில் கூடினார்கள். ஒரு வாரம் 'தமிழன்' என்று கொண்டாடினார்கள். ஜனவரி 23 அன்று போலீஸ் விரட்டியடித்தபோது ஓடிவந்த மாணவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து ஒளித்துவைத்தது நடுக்குப்பம். அதற்கு விலை? நடுக்குப்பத்து மீன் அங்காடி எரிந்தது. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் ரோட்டில் மீன் விற்கிற பெண்களின் கடைகளைப் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று அகற்றினார்கள். முதலில் வந்தது குப்பமா, காரா?

இங்கே ஒன்றை மறைக்காமல் பேசவேண்டும். குப்பத்துக்காரனையும் நம்மையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டிவிடக் கூடாது. கரையிலும் சாதி உண்டு. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் பக்கம் தலித்துகளை முகாமில் சேர்க்கவில்லை, ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கவிடவில்லை, நிவாரணத்தில் பேரைச் சேர்க்கவில்லை. படகும் வலையும் இழந்தவனுக்குக் கணக்கு இருந்தது. மீன் சுமந்து, கருவாடு காயவைத்து, உப்பளத்தில் வெந்து வயிறு கழுவியவனுக்குக் கணக்கே இல்லை. மனித உரிமை அமைப்புகள் அப்போதே எழுதியிருக்கின்றன. பிணம் எடுக்க மட்டும் எங்கிருந்தெல்லாமோ துப்புரவுத் தொழிலாளிகளைக் கூட்டிவந்தார்கள். அதனால் 'கடலோர உழைக்கும் மக்கள் ஒற்றுமை' என்று மேடையில் முழங்குகிறபோது, அந்த ஒற்றுமைக்கு முன்னால் இந்தக் கணக்கைத் தீர்க்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குப்பத்தின் உரிமைக்கு நிற்போம். குப்பத்தின் சாதிக்கு நிற்கமாட்டோம்.

இனி நீலக்கொடி. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கிற ஒரு சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு, முப்பத்துமூன்று நிபந்தனைகள் வைத்துக் கொடுக்கிற சான்றிதழ் அது. 2021ல் கோவளத்துக்குக் கிடைத்தது. தண்ணீர் சுத்தமா, கழிப்பறை இருக்கிறதா, ஆபத்துக்கு ஆள் இருக்கிறாரா, மாற்றுத்திறனாளி வர வழி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விகள்தான். குறை சொல்லமாட்டோம். நம் பெண்கள் நாள் முழுக்க ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்களே, அவர்களுக்குத்தான் கழிப்பறை முதலில் வேண்டும். ஆனால் விடிவதற்கு முன்னால் மணலைச் சலித்து, நேற்றைய பீங்கானும் பஞ்சும் பொறுக்குகிற கை யாருடையது? அந்தக் கைக்குக் கையுறை உண்டா? மாதச் சம்பளம் ஒழுங்கா? ஒப்பந்தக்காரன் எவ்வளவு பிடித்துக்கொள்கிறான்? 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளிகள், தங்களைத் தனியாரிடம் தள்ளாதே என்று ரிப்பன் மாளிகை வாசலில் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்கள். நடுராத்திரியில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. சுத்தத்துக்குக் கொடி ஏற்றுகிறவர்கள், சுத்தம் செய்கிறவளைத் தெருவிலிருந்து இழுத்துப் போட்டார்கள். 'சுத்தமான கடற்கரை' என்று எவனாவது சொன்னால், யார் சுத்தம் செய்தது என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வி பட்டியலில் இல்லை.

நம் பக்கத்துத் தோழர்கள் சிலருக்கும் ஒரு வார்த்தை. "ஊரில் ஆயிரம் பிரச்னை, பீச்சுக்குப் போறதெல்லாம் ஒரு பேச்சா?" என்று கேட்கிறீர்கள். கேட்கிற நீங்கள் மாநாட்டுக்குச் சென்னை போனால் சாயங்காலம் மெரினாவில் நடக்கிறீர்களா இல்லையா? காலனிப் பெண் மட்டும் நாற்று நடவும் நூறு நாள் வேலைக்கும் கூட்டத்துக்கும் தவிர வேறு எதற்கும் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாதா? உழைக்கிறவனுக்கு ஓய்வு கிடையாது, ஓய்வு ஆண்டையின் சொத்து என்பதுதான் சாதியின் பழைய சட்டம். அதைப் புரட்சியின் பேரால் நாமே காப்பாற்றித் தரவேண்டுமா? கல்லலில் ஸ்டேஷன் இருக்கிறது. தேவகோட்டை, திருவாடானை தாண்டினால் தொண்டியில் கடலும் இருக்கிறது. இருந்தும் கடலையே பார்க்காமல் செத்துப்போன நம் கிழவிகள் எத்தனை பேர்!

அப்படியானால் எந்தக் கடற்கரை? பதில் சொல்லாமல் ஓடப்போவதில்லை. அளவுகோலை மாற்றுங்கள், பட்டியல் தானாக மாறும். நம் கேள்விகள் இவை: நுழையக் காசு கேட்கிறானா? காவல்காரன் முகத்தைப் பார்த்துத் தடுக்கிறானா? பஸ் போகிறதா? பெண்கள் இருட்டின பிறகும் உட்காரலாமா? கழிப்பறையும் குடிதண்ணீரும் உண்டா? ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன சாதி என்று எவனும் கேட்காமல் இருக்கிறானா?

இப்படிக் கேட்டால் முதல் இடம் மெரினாவுக்குத்தான். 'கூட்டம்' என்று எதைக் குறையாகச் சொன்னானோ, அதுதான் அதன் பெருமை. அந்தக் கூட்டத்தில் நம்மை யாரென்று கண்டுபிடிக்க முடியாது. ஊரில் கிடைக்காத சுதந்திரம் அது. சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட் கிடையாது. பறக்கும் ரயிலில் வந்தால் சேப்பாக்கத்திலோ திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கலாம். பீச் ஸ்டேஷனில் இறங்கி ஏமாறாதீர்கள். அங்கே பேரில் மட்டும்தான் பீச். துறைமுகம் கட்டுமுன் கடல் அந்தச் சாலை ஓரம்வரை வந்து போனது. ஒரு எச்சரிக்கை: மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது, அது நியாயமான தடை. கரையை விட்டு இறங்கினதும் ஆழம். கண்மாயில் நீந்திப் பழகினவனையும் கடல் இழுக்கும். இழுத்தால் எதிர்த்து நீந்திச் சாகாதே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வா. நம் பிள்ளைகள் உயிர் நமக்கு வேண்டும்.

பெசன்ட் நகருக்கும் போங்கள். காபிக் கடைகளைப் பார்க்க மட்டுமல்ல. பக்கத்தில் ஆல்காட் பள்ளி இருக்கிறது. 1894ல் கர்னல் ஆல்காட் பறையர் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த இலவசப் பள்ளியின் தொடர்ச்சி அது. அந்த ஆல்காட்டிடம் போய்ப் பேசி, 1898ல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினாரே அயோத்திதாசப் பண்டிதர், அவரும் கடல் தாண்டித்தான் போனார். கங்காணியின் கடனாளியாக அல்ல, சொந்த அறிவின் தேடலில்.

காசிமேட்டுக்கு விடிகாலையில் போங்கள். 'மீன் நாத்தம்' என்று சொன்ன தம்பியை முன்னால் நிறுத்துங்கள். சோறு எங்கிருந்து வருகிறது என்று மூக்குக்குத் தெரியட்டும். அப்படியே திருவொற்றியூர் கல்சுவர் மேல் நின்று, மெரினா மணலின் விலையைப் பாருங்கள். எண்ணூருக்குப் போங்கள். கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற முகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பதைப் பாருங்கள். 2017 ஜனவரியில் கப்பல் மோதிக் கொட்டிய எண்ணெயை மக்கள் வாளியால் அள்ளிய கரை அது. 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்தது, அதே மாசம் அம்மோனியா கசிந்து ராத்திரியில் ஜனம் ஓடியது. சென்னை முழுக்க எரிகிற விளக்குக்கு அவர்கள் மூச்சு எரிகிறது. சிறந்த கடற்கரைப் பட்டியலில் எண்ணூர் ஏன் இல்லை என்பதற்கு, எண்ணூரைப் பார்க்காமல் பதில் தெரியாது.

கோவளத்துக்கும் போகலாம், கூடாதென்று யார் சொன்னது? ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர், பஸ் இருக்கிறது. போய் அந்தக் குடையின் கீழ் உட்காருங்கள். விடுதிக்காரன் எவனாவது 'இது எங்கள் மணல்' என்றால், 1991லிருந்து கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை என்று ஒன்று இருக்கிறது, அலை ஏறி இறங்குகிற மணல் எவன் பாட்டன் பட்டாவிலும் வராது என்று சத்தமாகச் சொல்லுங்கள். அமைதி கெடட்டும்.

தம்பி, டூர் போ. ஒரு நாள் மெரினா, ஒரு நாள் எண்ணூர், நேரம் இருந்தால் கோவளம். காலனிக் கிழவிகள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போ. கடலைப் பார்த்துவிட்டு வந்து உன் பட்டியலை நீ எழுது. எழுதும்போது 'டர்ட்டி' என்ற சொல்லை யாருக்குப் போடுகிறாய் என்று ஒரு தடவை நின்று பார்த்துக்கொள்.